முளை காட்டும் நாள்

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீ, மாமா, பாப்பா மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போன முறை நிவாரண லாரி டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதத்தில் பாதி திட்டு, பாதி கல்யாணப் பேச்சு.

நல்ல சேதி ஒன்று. நிவாரண அலுவலகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த உன் தம்பிக்குக் கிடங்கில் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். எல்லாம் அந்தத் தகரக் குதிர் செய்த வேலை. மழை பொய்த்த ஊர்களில் விதையையாவது காப்பாற்ற என்ன வழி என்று மேலதிகாரி எல்லோரையும் கேட்டார். நான் சும்மா இருப்பேனா? "மண் குதிர்னா எலி ஓட்டை போடுது சார். பசி வந்தா மனுஷனும் ஓட்டை போடுறான். தகரத்துல பண்ணுங்க. ஊர் வெதையெல்லாம் ஒண்ணாப் போட்டு ஒரே பூட்டு, ஒரே சாவி" என்றேன். செய்துவிட்டார்கள்! முதல் குதிர் நம் ஊருக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் நான்தான். சாவி உன்னிடம் இருப்பதில் எனக்கு நிம்மதி. உன் வாயைத் தாண்டி எவன் உள்ளே போவான்?

விதைச் சோளம் எப்படி இருக்கிறது? எலி வால்கூட நுழையவில்லைதானே? மேலதிகாரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறார்.

ரொம்பவும் முடியவில்லை என்றால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வா. என் அறை ரெண்டு பாய் விரித்தால் தீர்ந்துபோகும். கீழே டயர் ஒட்டும் கடை, நாள் பூராவும் ரப்பர் நாற்றம். ஆனால் ஜன்னலோரம் காற்று வரும். அந்த இடத்தில் பெட்டியைக்கூட வைக்காமல் உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்.

உன் தம்பி

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் எழுந்து நடமாடுகிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நாற்காலி கிடைத்தது சந்தோஷம். அதற்காக உட்கார்ந்தே தொப்பை போட்டுவிடாதே, அப்புறம் பெண் தேடுவது எனக்குத்தான் கஷ்டம்.

இங்கே எல்லோரும் குளம் வெட்டுகிறார்கள். இந்த முறை மழை வந்தால் ஒரு சொட்டுக்கூட ஓடிப்போகக் கூடாது என்று உன் மாமா பிடித்த பிடி. காலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி எழுப்புகிறார். திட்டு வாங்குகிறார். ஆனாலும் வந்துவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பும் மாவும் பருப்பும் லாரி வரும் நாளில் கிடைக்கிறது. குளம் வெட்டுகிறவனுக்கு அது எந்த மூலைக்கு?

மாதம் ஒருமுறை முளை காட்டுகிறேன். குதிரிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளைத்ததும் எல்லோர் முன்னாலும் அவிழ்த்துக் காட்டவேண்டும் என்பதுதான் சாவி கொடுக்கும்போது ஊர் போட்ட நிபந்தனை. அவிழ்ப்பதற்குள் குழந்தைகள் தலையை நுழைத்துவிடும். வெள்ளை வெள்ளையாக முளையைப் பார்த்தால் கிழவர்களுக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. பார்த்துவிட்டு நேரே மண்வெட்டியை எடுக்கிறார்கள்.

உன் குதிர் வெயிலில் பளபளவென்று நிற்கிறது. நடுப்பகலில் பார்த்தால் கண் கூசுகிறது.

ஒரு விஷயம். நம் சிவப்புச் சோளம் அங்கே கடைகளில் விதைக்குக் கிடைக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். மாமாவின் முதுகுவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். டிரைவர் அண்ணன் தன் முதுகுக்குத் தேய்த்துக்கொள்வதற்குள் வாங்கிவிடு.

இங்கே கிடங்கு முழுக்கத் தகரக் குதிர்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது வரும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. மேற்கே கொஞ்சம் விளைந்த ஊர்கள் இருக்கின்றன அல்லவா, அறுவடை முடிந்ததும் அவர்களுக்கெல்லாம் இது போகப்போகிறது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். இனி எனக்கு நிரந்தர வேலை என்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் அவருக்குத் தலைகால் புரிந்திருக்காது.

சோள விதை கேட்டிருந்தாயே, எதற்கு? குதிர் நிறைய வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு பிடிக்குக் கையேந்துகிறாயே, உனக்கு வெயில் தலைக்கேறிவிட்டதா? கடைகளில் நம் ரகம் இல்லை. விசாரித்துவிட்டேன்.

நான் கேட்டதற்கு மட்டும் நீ பதில் எழுதவே இல்லை. விதை எப்படி இருக்கிறது? "குதிர் பளபளக்கிறது" என்றால் என்ன அர்த்தம், நான் என்ன பாத்திரமா விற்றேன்?

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது. மாமா தேய்த்துக்கொண்டு ராஜா மாதிரி படுத்திருக்கிறார். நீ நலம் என்று படித்ததில் மனசு கொஞ்சம் ஆறியது.

இந்த மாதம் மாவு பாதிதான் வந்தது. ஏன் என்று டிரைவரைக் கேட்டால், "எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும், கணக்கு தெரியாது" என்கிறார். லாரியடியிலேயே சண்டை வந்துவிட்டது. தையல்காரியைத் தெரியுமே, அவள் நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"குதிரைத் திற. ஆளுக்கு ரெண்டு படி கொடு. புள்ளைங்க வயித்துல ஈரத்துணி கட்டவா?"

"தின்னுட்டா மழை வந்ததும் எதை வெதைப்பே?" என்று கேட்டேன்.

"மழை வர்றப்போ வெதைக்க ஆள் இருக்கணுமில்ல!"

அன்றைக்குத்தான் முளை காட்டும் நாள். நான் துணியை அவிழ்த்தேன். எல்லாம் முளைத்திருந்தது. தையல்காரி அதைப் பார்த்தாள். பிறகு தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

கல் உடைப்பவர் வீட்டுக்காரர்கள் அந்த லாரியிலேயே நகரத்துக்கு ஏறிவிட்டார்கள். கைக்குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. வண்டி ஏறும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெதையப் பத்திரமாப் பாத்துக்குங்க அக்கா, மழை வந்ததும் வந்துடுவோம்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அடுப்படியில் ஒரு மண்பானையில் வீட்டுச் சோளம் கொஞ்சம் வைத்திருந்தேன். அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. எனக்குத் தூக்கம் சரியில்லை. கிடந்து புரள்கிறேன். மாமா கேட்டால் புழுக்கம் என்கிறேன்.

நீ நன்றாகச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பங்கில் மிச்சம் பிடித்த மாவு இத்துடன் வருகிறது. பாப்பாவுக்கு மட்டும் கொடு. ஊருக்குப் பங்கு போட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அக்கா, நீ அங்கே என்னதான் செய்கிறாய்? சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டு வா. காவலுக்கு வேறு ஆளா இல்லை? ஜன்னலோர இடம் அப்படியே இருக்கிறது. பாப்பா அங்கே உட்கார்ந்து தெருவில் போகும் வண்டிகளை எண்ணலாம்.

ஒரே ஒரு உதவி. மேற்கு ஊர்க்காரர்கள் தகரத்தில் விதை போடத் தயங்குகிறார்கள். முதல் குதிரின் சாவி வைத்திருப்பவள் நீ. 'விதை நன்றாக இருக்கிறது, நம்பிப் போடலாம்' என்று நாலு வரி எழுதி அனுப்பு. போகிற இடமெல்லாம் படித்துக் காட்டுவார்கள். அடுத்த மாதம் வண்டி கிளம்புகிறது. உன் நாலு வரியில்தான் என் வேலை நிற்கிறது.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி

ஜூலை 14

அக்கா,

எல்லோரும் சுகம்தானே? ரெண்டு முறை லாரி வந்துபோய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டிரைவர் அண்ணனைக் கேட்டேன். "உங்கக்கா லெட்டரை வாங்கினாங்க. படிச்சாங்க. பதில் இருக்கான்னு கேட்டேன், அந்தத் தகரத்துல சாஞ்சு நின்னுட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. முகமே சரியில்ல" என்றார்.

என்மேல் கோபமா? வேலைக்காக உன்னை எழுதச் சொன்னது பிடிக்கவில்லையா? கோபம் என்றால் திட்டி எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி

ஜூலை 30

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீ கேட்ட நாலு வரி இதோ.

விதை செத்துவிட்டது. ஒன்றுகூட முளைக்காது. மார்ச் மாதம் முதல் பிடியை எடுத்தபோதே எனக்குத் தெரியும்.

மண் குதிர் என்றால் சோளத்தை முக்கால்வாசி காய்ந்ததுமே உள்ளே கொட்டிவிடுவோம். மீதி ஈரத்தை மண் குடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் கைப்பழக்கம் அதுதான். தகரத்திலும் அதே பதத்தில் கொட்டி, காற்றுப் போகாமல் பூட்டினோம். தகரம் ஈரத்தைக் குடிக்குமா? ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு வெயிலில் நின்றது. அவ்வளவும் வெந்துவிட்டது. பார்த்தால் நல்ல சோளம் மாதிரியே இருக்கிறது, அதுதான் கொடுமை.

நான் காட்டிய முளையெல்லாம் என் அடுப்படிப் பானைச் சோளம். மாதம் ஒரு பிடி. ஊரில் உயிரோடு இருந்த விதையே அந்தப் பானை ஒன்றுதான். அதை எடுத்து எடுத்துப் பொய் காட்டித் தீர்த்தேன். இன்னும் ஒரே ஒரு பிடி இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். விதைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் மண்வெட்டியை எவன் தொடுவான்? ஊர் அன்றைக்கே காலியாகியிருக்கும். உன் மாமாவுக்கும் சொல்லவில்லை. அவர் கை கொப்புளத்துக்கு மருந்து போடும்போதுகூடச் சொல்ல வாய் வரவில்லை. உனக்குச் சொல்லாதது எதற்கென்று உனக்கே தெரியும். அந்த நாற்காலி உனக்குக் கிடைத்ததே அந்தத் தகரத்தால்தானே.

ஆனால் மேற்கே உள்ளவனும் முக்கால் பதத்தில்தான் கொட்டுவான். அதற்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். வண்டியை நிறுத்து. உன் வேலை போனாலும் நிறுத்து.

இந்தச் சோளம் தின்ன முடியும். லேசாக ஒரு வாடை. ஊறவைத்து, கழுவி, அரைத்து, முதலில் நானே தின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை, தம்பி. இத்தனை மாதமும் இவர்கள் பசியோடு சாப்பாட்டுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள்.

அக்கா

ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கடிதத்தை மேலதிகாரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்கக்கா நெஜமாத்தான் சொல்றாங்களா?" என்றார். எங்கக்கா திட்டுவாள், புளுகமாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் சில ஊர்களுக்குக் குதிர் போய்ச் சேர்ந்துவிட்டது. லாரியில் தொற்றிக்கொண்டு ஒவ்வொரு ஊராக நானே போனேன். சோளத்தை வெளியே கொட்டுங்கள், பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை காயவையுங்கள், குதிர்களை நிழலுக்குத் தள்ளுங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அங்கே விதை தப்பிவிட்டது. நாற்காலி போய்விட்டது. பழையபடி மூட்டைதான். அது கிடக்கட்டும், எனக்கு நாற்காலியில் இடுப்பு வலித்தது.

மேற்கே ஒரு ஊரில் இன்னும் மண் குதிர்தான். அங்கே நம் சிவப்புச் சோளம் இருந்தது! விளைந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு மூட்டை கேட்டு வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் கொண்டுவந்துவிடுவேன்.

ஊருக்குச் சொல்லிவிடு அக்கா. என் தலையில் போட்டுவிடு, தகரம் என் யோசனைதானே. அவர்கள் முதலில் சாப்பிடட்டும்.

உன் தம்பி

செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

உன் தொண்டை தேவலையா? வெந்நீர் குடி.

சொல்லிவிட்டேன். முளை காட்டும் நாளில் எல்லோரும் வந்து நின்றார்கள். துணியை அவிழ்த்தேன். இந்தத் தடவை குதிர்ச் சோளத்தையே முடிந்து வைத்திருந்தேன். ஊறிப்போய் அப்படியே கிடந்தது. குழந்தைகள்தான் முதலில், "மொளைக்கவே இல்ல" என்று கத்தின. நான் பானை விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். உன் தலையில் போடவில்லை. சாவி என்னிடம்தானே இருந்தது.

யாரும் கத்தவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். தையல்காரி மட்டும் கிட்டே வந்தாள்.

"அப்போ அன்னிக்கு எம்புள்ள தின்னிருக்கலாம்."

"ஆமா."

"கல் உடைக்கிறவர் கொழந்தையும் தின்னிருக்கலாம்."

"ஆமா" என்றேன்.

அன்றைக்கே குதிரைத் திறந்து வீட்டுக்கு வீடு பங்கு போட்டார்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் அரைக்கிற சத்தம் கேட்டது. மறுநாள் லாரியில் பாதி ஊர் தங்கள் பங்கோடு ஏறிப் போய்விட்டது. மீதிப் பேர் இருக்கிறார்கள். நீ மூட்டை கொண்டுவருவதாகச் சொன்னேன். நம்பினார்களா தெரியவில்லை, வேறு போக்கிடம் இல்லாமல்கூட இருந்திருக்கலாம். உன் மாமா தனியாகவே குளத்தில் இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரி கூடையை எடுத்துக்கொண்டு போனாள். மாமா என்னோடு பேசுவதில்லை. பாப்பா வழியாகத்தான் தண்ணீர் கேட்கிறார்.

எனக்காக ஒன்று செய். கல் உடைப்பவர் குடும்பம் அங்கேதான் எங்கேயோ இருக்கும். தேடிப் பார்த்து எழுது. மூன்று பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது.

அக்கா

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. இங்கே நேற்று மழை. டயர் கடைக்காரர் கடையை விட்டுவிட்டுத் தெருவில் நின்று நனைந்தார். மூட்டை என் அறையில்தான் இருக்கிறது, ஜன்னலோரம் காற்றுப் படும்படி வைத்திருக்கிறேன். ரோடு அறுந்துவிட்டதாம். இந்தக் கடிதத்தை மட்டும் அந்தப் பக்கம் நடந்தே வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சரியானதும் முதல் லாரியில் நானே ஏறிவிடுவேன்.

கல் உடைப்பவரைக் கண்டுபிடித்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர் அங்கேயே வேலை செய்கிறார். நன்றாக இருக்கிறார். அவர் மனைவியும் நன்றாக இருக்கிறாள். உன்னை ரொம்ப விசாரித்தாள். மழை வந்ததா, குளம் நிறைந்ததா என்று கேட்டாள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. கட்டடம் பெரிய கட்டடம், அஞ்சு மாடி வருமாம்.

மாமா பேசிவிடுவார். கவலைப்படாதே.

உன் தம்பி

அக்டோபர் 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். இங்கேயும் மழை வந்துவிட்டது. குளத்தில் இடுப்பளவு தண்ணீர். உன் மாமா கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கரை தாங்கிடுச்சு" என்றார். அவ்வளவுதான் பேசினார். போதும்.

பானையில் மிச்சமிருந்த அந்த ஒரு பிடியைக் கரையோரம் போட்டேன். எல்லாம் முளைத்துவிட்டது. மூட்டை வரட்டும் என்று எல்லோரும் நிலத்தைக் கிளறிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மண் குதிர் ஒன்றும் கட்டியாகிவிட்டது.

அதன் சாவியை நான் வேண்டாம் என்றேன். உன்னிடம் வந்துவிடலாம் என்று மனசுக்குள் மூட்டைகூடக் கட்டிவிட்டேன். தையல்காரி என் கையை விரித்துச் சாவியை வைத்து மூடினாள். "மன்னிச்சுட்டோம்னு நெனைச்சுக்காதே. நீ எங்கேயும் போகக் கூடாது. இங்கேயே இருந்து தெனம் எங்க மூஞ்சியில முழிக்கணும்" என்றாள். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கல் உடைப்பவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் மனைவி நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். டீயைப் பற்றி எழுதினாய், கட்டடத்துக்கு எத்தனை மாடி என்றுகூட எழுதினாய். நானும் உனக்கு அப்படித்தான் எழுதினேன், தம்பி. குளத்தைப் பற்றி எழுதினேன், தகரம் பளபளப்பதைப் பற்றி எழுதினேன். அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நீ எழுத வேண்டாம்.

நீ மூட்டையோடு கிளம்பும்போது அந்த ஜன்னலோர இடம் காலியாகும். அதை அவர்கள் ரெண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு வா.

அக்கா